பக்கத்துப் பல்லில் ஒரு கீறல்

மாமியாரும் மருமகளும் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால், ஒன்று அந்த வீட்டில் இன்னொரு குடை இல்லை. அல்லது சண்டையைக்கூடத் தள்ளிவைக்க வேண்டிய பெரிய கஷ்டம் ஏதோ வந்திருக்கிறது. ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்த விசில், இரண்டாவதுதான் என்று முடிவு கட்டினார். உடனே சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விசில் என்பது ஊர் வைத்த பெயர். போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைக்காலம் முழுவதையும் நாற்சந்தி நடுவில் கையை நீட்டியும் மடக்கியும் கழித்தாரே ஒழிய, ஒரு திருடனைத் துரத்தியதில்லை, ஒரு கொலையை விசாரித்ததில்லை. அந்தக் குறை நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு தன் அண்ணியின் காரை ஓட்டவும் அண்ணியின் கோப்புகளைச் சுமக்கவும் அவர் ஒப்புக்கொண்டதே, என்றைக்காவது ஒரு நல்ல குற்றம் கிடைக்காதா என்ற நப்பாசையில்தான்.

அண்ணியின் தொழிலோ வினோதமானது. மனிதர்களைச் சோதிக்கத் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வைச் சோதிப்பவர் அண்ணி. இன்று நாற்பது காட்டும் தராசு அதே மூட்டைக்கு நாளை ஐம்பது காட்டினால் கடைக்காரரை யாரும் நம்ப மாட்டார்கள். மதிப்பெண்ணும் அப்படித்தான். இன்னொருவர் திருத்தினாலும் இன்னொரு நாள் திருத்தினாலும் ஏறக்குறைய அதே எண் வருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து அவர் கையெழுத்திடுவார். அதனால் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இவ என் மருமக," என்று நாற்காலியில் உட்காருவதற்குள் தொடங்கினார் மாமியார். "பல் டாக்டருக்குப் படிச்சவ. லைசென்ஸ் பரீட்சையில கடைசித் தடவையும் பெயில்னுட்டாங்க. இனிமே எழுதவே முடியாதாம். படிச்ச படிப்பெல்லாம் தண்ணியில போட்ட உப்பு."

"அத்தை, நான் சொல்றேன்."

"இருடி. அம்மா, நான் இவளுக்கு வக்காலத்து வாங்குறேன்னு நெனைக்காதீங்க. நாங்க சண்டை போடாத நாளே கிடையாது. துணியை எடுத்து மடிச்சேன்னு பொய் சொல்லுவா. ஆனா பல்லு விஷயத்துல பொய் சொல்ல வராது இவளுக்கு. பக்கத்துப் பல்லைத் தொடலைங்கிறா. தொடலைன்னா தொடலைதான்."

தராசு சிரிக்கவில்லை. அவர் கண்களில் மட்டும் ஒரு வெளிச்சம் வந்தது. விசிலுக்கு அந்த வெளிச்சம் பழக்கம். புது ஊரின் பெயர்ப்பலகையைப் படிக்கும் குழந்தையின் ஆர்வம் அது.

"பக்கத்துப் பல்லுன்னா என்னம்மா? எனக்குப் பல் டாக்டர்னாலே பயம். பயப்படாத மாதிரி சொல்லுங்க."

மருமகள் முதல் முறையாக நிமிர்ந்தாள். செய்முறைத் தேர்வில் ஒரு பொம்மைத் தலை. அதன் வாயில் திருகாணி போட்டு முடுக்கிய பிளாஸ்டிக் பற்கள். இரண்டு பல் முட்டிக்கொள்ளும் இடத்தில் சொத்தை இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு பல்லில் மட்டும் குழி வெட்ட வேண்டும். வெட்டும்போது டிரில் ஒட்டினாற்போல் இருக்கும் பக்கத்துப் பல்லைச் சீண்டிவிடக் கூடாது. சீண்டினால் மதிப்பெண் பெரிதாகப் போய்விடும். உண்மையான வாயில் அது நல்ல பல்லைக் கெடுப்பதாகும் அல்லவா?

"அதுக்குத்தான் மேடம், நடுவுல ஒரு மெல்லிசான ஸ்டீல் தகடு சொருகிட்டுத்தான் வெட்டினேன். வெட்டி முடிச்சு, தகட்டை எடுத்துட்டு, லைட் அடிச்சுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனா தேர்வாளர் ரெண்டு பேருமே 'பக்கத்துப் பல்லில் கீறல்'னு எழுதிட்டாங்க."

"ரெண்டு பேரும் ஒரே மார்க்கா?"

"கிட்டத்தட்ட ஒரே மார்க்தான். வித்தியாசப்பட்டிருந்தா மூணாவது ஒருத்தர் பாப்பாங்க. ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டா அப்பீலே கிடையாது. அதுதான் ரூல். இப்ப ஒரு கிளினிக்ல உதவிக்கு நிக்கிறேன் மேடம். உறிஞ்சு குழாயைப் பிடிக்கிற வேலை. ஆயுசுக்கும் அதைத்தான் பிடிக்கணும் போல."

விசில் பெருமூச்சு விட்டார். "ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொல்லிட்டா கோர்ட்லயே கேஸ் முடிஞ்சுது, அண்ணி."

"சாட்சி ரெண்டான்னு முதல்ல பாக்கணும், தம்பி. ஒருத்தர் சம்பவத்தைப் பாத்து, இன்னொருத்தர் அவர் வாயைப் பாத்திருந்தா, அது ஒரு சாட்சிதான்."

மேசைமேல் பிரித்த கடிதம் ஒன்று கிடந்தது. பல் மருத்துவர் கழகத்தின் பதிவாளர் எழுதியது. இந்த ஆண்டு இரு தேர்வாளர்களின் மதிப்பெண்கள் இதுவரை இல்லாத அளவுக்கு ஒத்துப்போயிருக்கின்றன, நம்பகத்தன்மைச் சான்றில் தாங்கள் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. காலையிலேயே கையெழுத்திட்டிருக்கலாம். தராசு ஏனோ பேனாவை மூடிவைத்துவிட்டார். சில நேரம் ஆண்டவன் நம்மைத் தாமதப்படுத்துவதே ஒரு வேலை கொடுப்பதற்காகத்தான்.

*

கழகத்தின் தேர்வுக்கூடத்தில் பொம்மைத் தலைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்திருந்தன. விசிலுக்கு அது ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் போலத் தோன்றியது. எல்லாரும் ஒரே நேரத்தில் 'ஆ' சொல்கிறார்கள்.

பதிவாளர் குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். மகனின் ரேங்க் கார்டைக் காட்டும் தகப்பனைப் போல, இரு தேர்வாளர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்ணை அவர் காட்டினார். "ஒண்ணுன்னா முழு ஒற்றுமை. பூஜ்யம்னா காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. போன வருஷம் நடுவுல எங்கேயோ தவிச்சுது. இப்பப் பாருங்க, ஒண்ணை முட்டிக்கிட்டு நிக்குது!"

"போன வருஷமும் இதே ரெண்டு தேர்வாளரா?"

"இதே ரெண்டு பேர்தான். பசங்க ஒருத்தரை ஆமைம்பாங்க, இன்னொருத்தரைக் கழுகும்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. முதல்ல ஆமை பாப்பார். அப்புறம் தட்டு அடுத்த அறைக்குப் போகும், கழுகு பாப்பார். நடுவுல சுவர். பேசிக்க முடியாது. மார்க்கை அந்தந்த அறையிலேயே உறையில போட்டு ஒட்டிடுவாங்க."

விசில் சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். நாற்காலியில் ஏறி மேலே ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்தார். சுவர் சுத்தமான சுவராகவே இருந்தது. அவருக்கு வருத்தமாகப் போய்விட்டது.

தட்டுகளைத் தூக்கிச் செல்லும் பணிப்பெண் கலகலப்பானவள். பற்கள் மாறிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று தராசு கேட்டதும், அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினாள். சிவப்பு நகப்பூச்சு.

"முன்னாடி ஒரு மகராசன் திருகாணியைக் கழட்டி வேற பல்லை வெச்சிட்டான்மா. அதுலேர்ந்து இதுதான் சீல். தேர்வு எழுதினவங்க தாடையைக் கையில குடுத்ததும், அவங்க கண்ணு முன்னாடியே, வெட்டின பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துடுவேன். பல்லைக் கழட்டினா கோடு உடைஞ்சுடும். என் சொந்தப் பாட்டில். கழகத்துல வாங்கித் தர மாட்டேங்குறாங்க."

"உங்க கை ரொம்ப நிதானம்," என்றார் தராசு. அவள் பூரித்துப்போனாள். "பல்லெல்லாம் எப்பவும் ஒரே கம்பெனிதானா?"

"இந்த வருஷம் மாத்திட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுதாம்."

தராசு பழைய பல் ஒன்றும் புதுப் பல் ஒன்றும் கேட்டு வாங்கினார். பதிவாளர் விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்த இரண்டு பற்களோடும் சிறுபிள்ளை போல விளையாடிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணிக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்று விசில் நினைத்தார்.

மருமகளின் தாடை கொண்டுவரப்பட்டது. பக்கத்துப் பல்லின் சுவரில் மயிரிழை போல ஒரு கீறல் கீழிருந்து மேலே ஏறியது. பணிப்பெண் இழுத்த சிவப்புக் கோட்டின் நுனியும் அந்தச் சுவர்மேல் கொஞ்சம் படர்ந்திருந்தது. கீறல் அதன் நடுவே புகுந்து வெளியேறியது. அந்த இடத்தில் சிவப்பு விட்டுப்போய் வெள்ளை தெரிந்தது.

"கீறல் இருக்குதே அண்ணி," என்று விசில் கிசுகிசுத்தார். "மாமியாரம்மா ஏமாந்துட்டாங்க."

"கீறல் இருக்கு," என்று தராசு ஒப்புக்கொண்டார். பூதக்கண்ணாடியை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை.

*

ஆமையின் அறை அமைதியாக இருந்தது. பெரிய உடம்பும் மெதுவான பேச்சுமாக ஒரு டாக்டர். தட்டில் அவருடைய கருவிகள் தாம்பூலத்தில் அடுக்கியது போல் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக் காட்டினார். நுனி கொக்கி போல வளைந்த எஃகு ஊசி. டாக்டர்கள் அதைப் புரோப் என்கிறார்கள்.

"கண்ணை நம்ப மாட்டேன் நான். கை பொய் சொல்லாது. குழியோட சுவர், அடித்தளம், பக்கத்துப் பல்லு, எல்லாத்தையும் இதால தடவிப் பாப்பேன். நல்லா வெட்டின பல்லு ஒரே தடவையில தெரிஞ்சுடும். சந்தேகமா இருந்தாத்தான் நேரமாகும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "சந்தேகமா இருக்கற பிள்ளைங்களுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்குமில்லையா? எடுத்தவுடனே பெயில் போட மனசு வராது. ஏதாவது நல்லது கைக்குத் தட்டுப்படுதான்னு திரும்பத் திரும்பப் பாப்பேன்."

விசிலின் பார்வை ஊசியின் நுனியில் குத்திட்டு நின்றது. வளைவின் உள்ளே கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளியே வந்ததும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தம்!"

"பிளாஸ்டிக் பல்லுல ஏது தம்பி ரத்தம்?"

விசில் அசடு வழிந்தார். ஆனால் அடுத்த அறைக்குப் போவதற்குள் அவர் மூளை வேறொரு பாதையைக் கண்டுபிடித்துவிட்டது.

கழுகு ஒல்லியான, வெடுக்கென்று பேசும் டாக்டர். கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திய சட்டகம், நெற்றியில் விளக்கு. "நான் பல்லைத் தொடவே மாட்டேன். ஊசியால குத்திக்கிட்டிருக்கறது பழைய காலம். வெளிச்சம் அடிச்சா சிலந்தி நூல் கூடத் தப்பாது. இந்த வருஷப் பிள்ளைங்களுக்குக் கை சுத்தமில்லை மேடம். பக்கத்துப் பல்லைக் கீறித் தள்ளியிருக்காங்க."

"சிவப்புக் கோட்டைக் கவனிச்சீங்களா?"

"அது சீல். அது என் வேலை இல்லை."

காரில் ஏறியதும் விசில் கொட்டினார். "கேஸ் முடிஞ்சுது அண்ணி! ஆமை பெயில் போட நெனைக்கிற பல்லுல சிவப்புப் புள்ளி வைக்கிறார். கழுகு அதைப் பாத்து அதே மார்க் போடறார். கூட்டுச் சதி! ஊசியில ஒட்டியிருந்தது அந்தச் சிவப்புதான்."

"நகப்பூச்சுன்னு கண்டுபிடிச்சது நல்ல வேலை, தம்பி," என்றார் தராசு. நிஜமாகவே பாராட்டினார். "ஆனா சதி பண்றவங்க எல்லாத்துலயும் பண்ணுவாங்கல்ல? நான் மார்க்கைத் தலைப்புத் தலைப்பாப் பிரிச்சுப் பாத்தேன். குழியோட வடிவம், ஆழம், வழவழப்பு இதுல எல்லாம் ரெண்டு பேரும் போன வருஷம் மாதிரியேதான் முட்டிக்கிறாங்க. ஒத்துப்போறது ஒரே ஒரு தலைப்புலதான். பக்கத்துப் பல்லு. மொத்த எண்ணையும் தூக்கி நிறுத்துறது அது ஒண்ணுதான்."

"அப்போ?"

"அப்போ ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். இந்தத் தடவை பதிவாளருக்கு."

*

பதிவாளர் பதறிப்போனார். "நானா? டிரில்லைத் தொட்டு எத்தனை காலமாச்சு! நாற்காலியில உக்காந்தே வயசு போயிடுச்சு மேடம்."

"அதனாலதான் நீங்க வேணும். ரொம்ப நல்லாவும் இருக்கக் கூடாது, ரொம்ப மோசமாவும் இருக்கக் கூடாது."

கதவு சாத்தப்பட்டது. விசில் வெளியே காவல் நின்றார். உள்ளே டிரில் வண்டு போல ரீங்காரமிட்டது. நடுநடுவே பதிவாளர் கடவுளைக் கூப்பிடுவதும் கேட்டது. கதவு திறந்தபோது பதிவாளர் முகத்தில் வியர்வையும் பெரும் குழப்பமும் இருந்தன. தராசின் கைப்பையைப் பணிப்பெண் வாங்கி வைக்கப் போனபோது அதில் சோழி குலுக்குவது போல் ஒரு சத்தம் கேட்டது. தராசு பையை அவளிடம் கொடுக்கவில்லை. மறுபடி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தபோது, பையில் அந்தச் சத்தம் இல்லை. விசில் இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டார். ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதிவாளர் வெட்டி வைத்த எல்லாத் தாடைகளுக்கும் பணிப்பெண் சிவப்புக் கோடு இழுத்தாள். காய்ந்ததும் பாதித் தட்டுகள் வழக்கம் போல முதலில் ஆமையிடமும் பிறகு கழுகிடமும் போயின. மீதிப் பாதியைத் தராசு முதலில் கழுகிடம் அனுப்பினார். விடுபட்டவர்களுக்கான தேர்வு என்று மட்டும் இருவருக்கும் சொல்லப்பட்டது. இருவரும் தங்கள் வழக்கப்படி, மனசாட்சிப்படி, மதிப்பெண் இட்டார்கள்.

மறுநாள் எல்லாரையும் பதிவாளர் அறைக்கு வரச் சொல்லியிருந்தார் தராசு. ஆனால் அதற்கு முன்பே கிளம்பி வந்து, ஆமையின் அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விசில் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தராசு ஏதோ மெதுவாகச் சொன்னார். ஆமை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தராசு தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

'ஒப்புக்கொண்டுவிட்டான்!' என்று விசில் உள்ளுக்குள் துள்ளினார்.

*

பதிவாளர் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஆமை ஜன்னலோரம் உட்கார்ந்தார். கழுகு கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மாமியாரும் மருமகளும் ஒரு சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பணிப்பெண் சுவரோரம் நின்றாள். யாரும் தப்பி ஓடாமல் விசில் கதவை மறித்துக்கொண்டார்.

"நேத்து நடந்த தேர்வுல," என்று தராசு தொடங்கினார், "ஆமை..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும் டாக்டர்."

"பரவாயில்லை. எனக்குத் தெரியும்," என்றார் ஆமை.

"முதல்ல இவர் பாத்து, அப்புறம் அடுத்த அறை டாக்டர் பாத்த தட்டுகள்ல, பக்கத்துப் பல்லுல கீறல் இருக்குன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க. அருமையா ஒத்துப்போயிருக்கு."

"இருந்தது, எழுதினேன்," என்றார் கழுகு. "யாரோ கை வராத ஆளு. பழக்கமே இல்லாத வெட்டு."

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"வெட்டினது பதிவாளர் சார்தான்," என்றார் தராசு. மாமியார் 'க்ளுக்'கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஆனா அந்தக் கீறலை அவர் போட்டிருக்கவே முடியாது. அவர் டிரில்லை வெச்சு வெட்டின நேரத்துல, பக்கத்துப் பல்லு எதுவும் அந்தத் தாடைகள்லேயே இல்லை. எல்லாத்தையும் கழட்டி என் கைப்பையில போட்டு வெச்சிருந்தேன். வெட்டி முடிச்ச அப்புறம்தான் திரும்ப முடுக்கினேன். புத்தம் புதுப் பல்லு. டிரில் காத்துகூடப் படாத பல்லு."

கழுகு மேல் வைத்த காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"முதல்ல உங்ககிட்ட வந்த பாதி இருக்கே டாக்டர், அதுல பக்கத்துப் பல்லு எல்லாத்துக்கும் நீங்க முழு மார்க் போட்டிருக்கீங்க. அதே கண்ணு, அதே விளக்கு, அதே பதிவாளர். மாறினது ஒண்ணுதான். யார் முதல்ல பாத்தாங்கங்கிறது."

"அப்போ கீறல் எங்கேர்ந்து வந்தது?" கழுகின் குரலில் வெடுக்கு இல்லை, ஆவல்தான் இருந்தது.

தராசு மருமகளின் தாடையை எடுத்து மேசை விளக்கின் கீழே வைத்தார். "இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்க. இந்தப் பொண்ணு தாடையைக் குடுத்த அப்புறம் இழுத்தது. கீறல் முன்னாடியே இருந்திருந்தா, பூச்சு அதுக்குள்ள இறங்கி அதை நிரப்பியிருக்கும். கீறல் சிவப்பா இருக்கும். ஆனா இங்க கீறல் சிவப்பை அறுத்துக்கிட்டுப் போகுது. அடியில வெள்ளை தெரியுது. அப்போ பூச்சு காய்ஞ்ச அப்புறம்தான் கீறல் விழுந்திருக்கு. என் தம்பி ஒரு ஊசி நுனியில சிவப்பைப் பாத்தார். அது இங்கேர்ந்து போனதுதான்."

விசில் தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பழைய கம்பெனிப் பல்லு கல்லு மாதிரி. என் ஊக்கால கீறிப் பாத்தேன், ஒண்ணும் ஆகலை. புதுப் பல்லு சோப்பு மாதிரி. எஃகு ஊசியால ஒரு தடவை தடவினா தெரியாது. திரும்பத் திரும்பத் தடவினா..."

அவர் பேச்சை அங்கேயே நிறுத்தினார். ஜன்னலோரம் ஆமை எழுந்து நின்றார்.

"அது நான்தான்," என்றார். "மேடம் காலையிலேயே வந்து தனியா சொன்னாங்க. நாலு பேர் நடுவுல நான் முதல் தடவையாக் கேக்கக் கூடாதுன்னு நெனைச்சிருக்காங்க. இந்தம்மாவோட குழி எனக்குச் சந்தேகமா இருந்தது. எப்படியாவது பாஸ் போட ஒரு காரணம் கிடைக்காதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சாறு தடவை போன ஊசி கடைசியில எங்கேயோ தட்டுச்சு. 'அடடா, பக்கத்துப் பல்லுல கீறல்'னு எழுதினேன். நானே கீறி, நானே கண்டுபிடிச்சு, இந்தப் பொண்ணு தலையில எழுதிட்டேன்."

மாமியார் ஏதோ கடுமையாகச் சொல்லப் போகிறார் என்று விசில் எதிர்பார்த்தார். அந்த அம்மாள் ஆமையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தனக்கு வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார். "முதல்ல உக்காருங்க தம்பி. வேணும்னா பண்ணுனீங்க?" என்றார்.

உலகத்தை ஆண்டவன் இன்னும் நடத்திக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட தண்ணீர்த் தம்ளர்களை நம்பித்தான் போலும்.

கழுகு மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்தது தப்பில்லையே."

"தப்பே இல்லை டாக்டர். இருந்ததைத்தான் பாத்தீங்க. ஆனா யார் போட்டதுன்னு கண்ணு சொல்லாது. நீங்க பாத்தது இந்தப் பொண்ணோட வேலையை இல்லை, இவரோட சந்தேகத்தை. எந்தப் பல்லுல இவருக்குச் சந்தேகமோ அதுல கீறல் அதிகம். அதைப் பாத்து நீங்க மார்க்கைக் குறைச்சீங்க. வாயால பேசிக்கலை, ஊசியால பேசிக்கிட்டீங்க. ரெண்டு பேருக்குமே தெரியாம. அதனால உங்க நம்பர் ஏறிச்சு. சாட்சி என்னவோ ஒண்ணுதான்."

மருமகள் எழுந்தாள். "அப்போ நான் பாஸா, மேடம்?"

தராசு அவளை நேராகப் பார்த்தார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு வராது.

"தெரியாதும்மா. நீங்க நல்ல டாக்டரான்னு எனக்குத் தெரியாது. இந்தப் பரீட்சைக்கும் அது தெரியாதுங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி அது பேசக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையை அசைத்தாள். "அது போதும் மேடம். இன்னொரு தடவை வெட்டச் சொல்லுங்க."

விசில் கதவை விட்டு விலகி நின்றார். கைது செய்ய அந்த அறையில் ஒருவரும் இல்லை. ஆச்சரியம், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

*

கீறல் எழுதப்பட்டவர்கள் அனைவருக்கும் மறுதேர்வு என்று கழகம் அறிவித்தது. பழைய முயற்சி கணக்கில் வராது. பல்லைக் கெட்டியாகச் செய்யும் கம்பெனிக்கே திரும்பினார்கள். பக்கத்துப் பல்லை எந்த ஊசியும் தொடுவதற்கு முன்னால், இரண்டு தேர்வாளர்களும் தனித்தனியாக விளக்கில் பார்த்து எழுதிவிட வேண்டும் என்று தராசு சொல்லிக்கொடுத்தார். பணிப்பெண்ணுக்குக் கழகத்தின் செலவில் நகப்பூச்சு வந்தது.

முடிவு வந்த அன்று பதிவாளர் தொங்கிய முகத்தோடு எண்ணைக் கொண்டுவந்து காட்டினார். "பழையபடி நடுவுல வந்து நின்னுடுச்சு மேடம். நிறையப் பல்லுக்கு மூணாவது ஆளைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோம்."

"அப்போ ரெண்டு பேரும் அவங்கவங்க கண்ணால பாத்திருக்காங்க. இந்த நம்பருக்கு நான் தாராளமாக் கையெழுத்துப் போடறேன். இதை எப்படி ஒசத்தறதுன்னு இனிமே நேர் வழியில யோசிக்கலாம்." தராசு பேனாவைத் திறந்தார்.

மருமகளின் பல்லுக்கும் மூன்றாவது ஆள் தேவைப்பட்டிருந்தது. கழுகு தாராளமாகத் தேர்ச்சி போட்டிருந்தார். ஆமை போடவில்லை. குழியின் ஒரு மூலை கூர்மையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். வெளியூரிலிருந்து வந்த மூன்றாவது டாக்டர் அந்த இரண்டு மதிப்பெண்களையும் அறியாமல் பல்லைப் பார்த்து, தேர்ச்சி என்று முடித்தார்.

நடையில் மாமியார் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சாக்லேட் நீட்டிக்கொண்டிருந்தார். விசில் இரண்டு எடுத்துக்கொண்டார். ஆமை தன் அறையிலிருந்து வெளியே வந்து, நேராக மருமகளிடம் நடந்தார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா," என்றார். "நான் உங்களுக்குக் குறைச்சுத்தான் போட்டேன். இப்பக் கேட்டாலும் அதையேதான் போடுவேன். அந்த மூலை எனக்குப் பிடிக்கலை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"இருக்கட்டும் சார். இந்தத் தடவை அது உங்க மார்க் மட்டும்தானே."